ஈர விரிப்பு

அத்தியாயம் 11

விருந்தாளியாக வந்த பெண் தானே படுக்கையைத் தட்டிப் போடுவதை அந்த ஓட்டல் அதுவரை பார்த்ததில்லை. போனாரியா வந்த முதல் நாள் காலையிலேயே அதைச் செய்துவிட்டாள். விரிப்பின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, ஒரு இழுப்பு, ஒரு உதறு. சுருக்கம் ஓடிப்போனது.

அறையைச் சுத்தம் செய்ய வந்த லுச்சியா கதவருகில் நின்று வாயைப் பிளந்தாள்.

"அம்மா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சிட்டா நான் எதுக்கு? மேலாளர் பாத்தா, இவளுக்கு எதுக்கு தண்டச் சம்பளம்னு கேப்பாரு."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது தாயி. நீ அப்படி உக்காரு. செத்த நேரம் காலை நீட்டு."

முப்பது வருஷமாகச் சர்தீனியாத் தீவின் இந்தக் கரையோர ஓட்டல்களுக்கு விரிப்பு வெளுத்துக் கொடுத்த கை அது. நீராவியில் வெந்து, இஸ்திரி உருளையில் சுட்டு, தோல் உரிந்து உரிந்து மரத்துப்போன கை. இங்குள்ள எல்லா ஓட்டல்களின் பின்வாசலும் அவளுக்குத் தெரியும். முன்வாசல் வழியாக ஒன்றில் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

அண்ணன் கவினோவின் ஏற்பாடு. பதினெட்டு வயதில் கப்பலேறி வடக்கே டூரின் நகரத்துக்குப் போய், இரும்புக் கதவுப் பட்டறை வைத்துத் தலையெடுத்தவன். போன வருஷம் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, உடன்பிறந்தவர்களில் யாராவது ஒருவர் கொடுத்தால் நல்லது என்றார்கள் மருத்துவர்கள். சலவை வேலைக்குப் போனாரியாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன மூத்தவள் அசுந்தா, தொலைபேசியை எடுக்கவேயில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தபோது கேட்ட ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அன்றோடு உறவை அறுத்துக்கொண்டு போனவள் அவள். போனாரியா எடுத்தாள். "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அண்ணன் உடம்புக்குள் போனது.

இப்போது வசந்தம். நடக்கலாம், விளையாடலாம் என்று மருத்துவர் சொன்னதும் கவினோ செய்த முதல் காரியம், தங்கையையும் அவள் புருஷன் தோரேயையும் இந்தக் கோல்ஃப் ஓட்டலுக்கு ஒரு வாரம் கூட்டிவந்ததுதான். கடல் பார்த்த அறை. காலில் எண்ணெய் தேய்த்துவிட ஆள். காலைச் சாப்பாட்டுக்கு வெள்ளிக் கரண்டி.

"உனக்கு நான் என்ன செஞ்சாலும் பத்தாது புள்ள" என்று தினம் ஒரு தடவை சொன்னான். கேட்கும்போதெல்லாம் போனாரியாவுக்குக் கூச்சமாக இருந்தது. வலப்பக்க இடுப்பின் தழும்பு அரிக்கிற மாதிரி இருக்கும்.

அன்று சனிக்கிழமை. விருந்தாளிகளுக்குள் வாரம் முழுக்க நடந்த ஒற்றைக்கு ஒற்றைப் போட்டியின் கடைசி ஆட்டம். கவினோ அதில் வந்து நின்றிருந்தான். ஜெயித்துக் கோப்பையை வாங்கி, இரவு விருந்தில் எல்லார் முன்னாலும் அதைத் தங்கையின் கையில் கொடுக்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தான். நேற்றே சொல்லிவிட்டான்.

"விருந்துல இன்னொரு விஷயமும் இருக்கு. இப்ப கேக்காத."

அவன் விடிந்ததும் மட்டைப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். லுச்சியா வருவதற்குள் தன் படுக்கையை முடித்த போனாரியா, இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் அறைக்குள் நுழைந்தாள். இதையும் ஒரு தட்டுத் தட்டிவிடலாமே.

போர்வை சீராகவே இருந்தது. ரொம்பச் சீராக. ஓட்டல்காரி போடுகிற மாதிரி இல்லை. எதையோ மூடிவைக்கிற மாதிரி இருந்தது.

விலக்கினாள். அடியில் குளியல் துண்டுகள் பரப்பியிருந்தன. துண்டை எடுத்தால் விரிப்பு. விரிப்பைத் தொட்டதும் கை நின்றது.

ஈரம். முக்கிப் பிழியாமல் விட்ட துணி போல, தலைமாட்டிலிருந்து இடுப்பு வரை ஆள் படுத்த வடிவத்திலேயே ஈரம். ஓரங்களில் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. அது நேற்று ராத்திரியது. அதற்கு முந்தைய ராத்திரியது அடியில் மஞ்சளாகத் தெரிந்தது.

"லுச்சியா!"

வந்தவள் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

"ரெண்டு நாளா உள்ளே வராதேன்னு கதவுல அட்டை தொங்குதும்மா. நான் எப்படிப் பாப்பேன்? துண்டு மட்டும் நெறய கேட்டாரு. நேத்து சாயங்காலம் வெந்நீர்ப் பை கேட்டாரு. இந்த வெயில்ல வெந்நீர்ப் பையான்னு சமையக்கட்டுல சிரிச்சோம்."

குளிர் சுரம். கிளம்பும்போது டூரின் மருத்துவர் போனாரியாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னது காதில் ஒலித்தது. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் நேரே ஆஸ்பத்திரி. ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாது. மாற்றிவைத்த உறுப்பு ஒரு சுரத்தில் போய்விடும், சிலசமயம் ஆளும் போய்விடுவார்.

கவினோவின் கைபேசி தலைமாட்டிலேயே கிடந்தது.

"என் நம்பரைக் குறிச்சுக்க" என்றாள் லுச்சியாவிடம். "அண்ணன் எப்படியாவது எனக்கு முன்னாடி இங்க வந்துட்டா உடனே கூப்பிடு."

"கூப்பிடறேன்மா. இந்த விரிப்பை எடுத்துடவா?"

"எடு. தனியா வெளு. சுடுதண்ணில போடு."

அந்த நேரத்திலும் அவளுக்கு அது வாயில் வந்தது.

தோரே வெளி வராந்தாவில் கண்ணாடிக் கோப்பையில் பழரசத்தை வைத்துக்கொண்டு, கடலைத் தானே விலைக்கு வாங்கிவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுபவன். இங்கு வந்ததிலிருந்து அவன் மனதைப் பறித்தது ஒன்றே ஒன்றுதான், விளையாட்டுக்காரர்கள் ஏறிப்போகும் அந்தச் சின்னஞ்சிறு மின்சார வண்டி.

"எந்திரி. அந்தப் பொம்மை வண்டி ஒண்ணைக் கொண்டா."

"என்னடி ஆச்சு? நேத்து அது கழுதை வண்டின்னு சிரிச்சே."

"அண்ணனுக்குச் சுரம். ரெண்டு ராத்திரியா மறைச்சிருக்கான்."

தோரே கோப்பையைக் கீழே வைத்தான். வண்டிகள் நிற்கும் பக்கம் ஓடினான்.

வண்டியை அவன் லாரி ஓட்டுகிற மாதிரியேதான் ஓட்டினான். வளைவில் அவன் வலது கை, அங்கே இல்லாத கியரைத் தேடியது. சிமெண்டுப் பாதை சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நேராகப் புல்லில் இறக்கினான். தூரத்தில் வெள்ளைக் காற்சட்டைக்காரன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"பாதையில போங்கய்யா! பாதையில!"

"பாதை எங்க மச்சான் கிட்ட போகல!" என்று தோரே திருப்பிக் கத்தினான். மணல் குழி ஒன்றின் விளிம்பில் வண்டி தாவியது. போனாரியா ஒரு கையால் தழும்பை அமுக்கிக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாடி?"

"ஓட்டு."

பதினாறாவது குழியில் பிடித்தார்கள். கடலை ஒட்டிய வட்டப் புல்தரை. நடுவில் கொடி. கவினோ மட்டையோடு குனிந்து நின்றிருந்தான். முதுகுச் சட்டை ஒட்டிப்போயிருந்தது. பந்து குழிக்கு ஒரு ஆள் நீளத் தூரத்தில் கிடந்தது.

எதிராளி பியேரா. கல்யாரி துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்பவள், அறுபதைத் தாண்டியவள். கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி, வாயில் படகுக்காரனும் கூசுகிற பேச்சு. வாரம் முழுக்க ஆண்பிள்ளைகளை வரிசையாகத் தோற்கடித்து வந்திருந்தாள்.

"யாருய்யா அது, புல்லுல ஏர் ஓட்டிக்கிட்டு வர்றது?" என்றாள். "உன் வீட்டு ஆளுங்களா கவினோ? நான் ஒரு குழி பின்தங்கிட்டேன்னதும் உனக்குத் துணைக்குப் படை வருதா?"

போனாரியா வண்டி நிற்பதற்குள் இறங்கினாள்.

"அண்ணே, வா போகலாம்."

கவினோ நிமிர்ந்தான். முகம் சிவந்து, கண் மினுமினுத்தது. ஆனால் சிரித்தான்.

"எங்க? இன்னும் மூணு குழிதான் பாக்கி. இதைப் போட்டுட்டா ரெண்டுதான். போய் நிழல்ல உக்காரு புள்ள."

"உன் விரிப்பைப் பாத்துட்டு வர்றேன்."

சிரிப்பு போய்விட்டது. அவன் மட்டையின் பிடியைப் பார்த்தான்.

"யாரு உன்னை என் படுக்கையைத் தட்டச் சொன்னது? விருந்தாளியா இருன்னுதானே கூட்டியாந்தேன்?"

"முப்பது வருசப் பழக்கம் ஒரு வாரத்துல போயிடுமா? போகாததுதான் நல்லதாப் போச்சு. கெளம்பு."

"ஒரு அரை நாள். சாயங்காலம் கோப்பையை உன் கையில குடுத்துட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். சத்தியமா. உனக்கு நன்றி சொல்ல எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் புள்ள. கதவு அடிக்கத் தெரியும், பணம் கட்டத் தெரியும், இந்தப் பந்தை அடிக்கத் தெரியும். வேற என்ன தெரியும் எனக்கு?"

அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"அப்பாவோட ஆட்டு மந்தை நோய்ல செத்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"மேல ஊர்க்காரன், கீழ ஊர்க்காரன், பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட, ஆளுக்கு ஒரு ஆடு ஓட்டிக்கிட்டு வந்து நம்ம பட்டியில விட்டுட்டுப் போனாங்க. அப்பா அவங்களுக்கெல்லாம் விருந்தா வச்சாரு? கோப்பையா குடுத்தாரு? திருப்பி ஒரு ஆடாவது குடுத்தாரா? குடுத்திருந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருக்கும்."

கவினோ நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தான்.

"குடுத்த ஆட்டை நரி தூக்காம, திருடன் ஓட்டாம, ராத்திரியெல்லாம் முழிச்சு உயிரோட வச்சிருந்தாரு. வந்தவங்க அதைத்தான் பாத்தாங்க. நான் உன்கிட்ட ஒரு ஆடு விட்டிருக்கேன் அண்ணே. அதுக்குச் சுரம் வந்திருக்கு. நீ இங்க நின்னு பந்து தட்டிக்கிட்டிருக்கே."

கடல் காற்றில் கொடி படபடத்தது. பியேரா தன் மட்டையை ஊன்றிக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இந்த ஒரு பந்து" என்றான் கவினோ, பிடிவாதமாக. சின்ன வயதில் சாப்பிட மாட்டேன் என்று சொல்லும்போது வரும் அதே குரல். மறுபடி குனிந்தான்.

திங்கட்கிழமை பயிற்சித் திடலில் அவனேதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஒருத்தருக்கொருத்தர் ஆடும்போது, தோற்றதாக ஒப்புக்கொள்பவன் பந்தைக் கையால் எடுத்துக்கொள்வான். தொப்பியைக் கழற்றி எதிராளிக்குக் கை கொடுப்பான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

போனாரியா நடந்துபோய், குனிந்து, பந்தை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். பியேராவிடம் கையை நீட்டினாள்.

"ஆட்டம் உங்களுக்கு. எங்க அண்ணன் தோத்துட்டான்."

தோரே வண்டியில் இருந்தபடியே, "அப்படிப் போடு!" என்றான்.

பியேரா நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அப்படி இல்ல பொண்ணே. ஆட்டத்தை விட்டுக்குடுக்கறது ஆடறவன்தான் செய்யணும். நீ எடுத்தா செல்லாது. அவனுக்கு ஒரு அடி கூடும், அவ்வளவுதான். பந்தை இருந்த இடத்துலயே வைக்கணும்."

போனாரியாவின் முகம் சுருங்கியது. செய்ததும் தப்பு, அதுவும் செல்லாத தப்பு. பைக்குள் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வைக்க மாட்டேன் என்று அந்தக் கையே சொன்னது.

கவினோ தங்கையைப் பார்த்தான். ஓட்டல் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பு சேறாகியிருந்தது. ஒரு கை பந்தின் மேல். மறு கை இடுப்பின் தழும்பின் மேல். அங்கேதான் அவன் பார்வை நின்றது.

மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

"என் வாயாலயே சொல்றேன் பியேரா அம்மா. விட்டுக்குடுத்துட்டேன்."

பியேரா அவன் கையைப் பற்றினாள். பற்றியதும் உதறாத குறை.

"அடப் பாவி! கை அடுப்பு மாதிரி கொதிக்குது! இந்தக் கையோடவா என்னைப் பதினாறு குழி வரைக்கும் ஓட ஓட விரட்டுனே? உடம்பு நல்லா இருந்தா என்னைக் கடல்லயே தள்ளியிருப்ப போல." மட்டையைப் புல்லில் எறிந்தாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஏத்துங்க! வாசல்ல என் கார் நிக்குது, மீன் நாத்தம் அடிக்கும், ஆனா பறக்கும். இந்தா வண்டிக்காரா, வந்த வழியே போ. புல்லு மறுபடி முளைக்கும்."

மீன் வாடை அடிக்கத்தான் செய்தது. பியேரா வழியெல்லாம் முன்னால் போகிறவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பின்சீட்டில் கவினோ தங்கையின் தோளில் சாய்ந்து, பல் கிடுகிடுக்க, "கோபமா?" என்றான்.

"ஆமா."

"ரொம்பவா?"

"வாயை மூடிக்கிட்டு சாஞ்சுக்க."

ஆஸ்பத்திரி, அருகிலிருந்த துறைமுக ஊரில் இருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள், ரத்தம் எடுத்தார்கள், டூரினுக்குப் பேசினார்கள். போனாரியா வராந்தா பெஞ்சில் பந்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். தோரே சர்க்கரை போடாத காப்பி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். பியேரா போகவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, கோல்ஃப் காலணியைக் கழற்றிவிட்டு, கைபேசியில் யாரிடமோ இறால் விலையைப் பற்றிச் சண்டை போட்டாள். அந்தச் சத்தம் போனாரியாவுக்கு ஆறுதலாக இருந்தது.

மருத்துவர் இளம்பெண். கண்ணில் தூக்கமில்லாத களைப்பு.

"சிறுநீர்ல கிருமி. ரத்தத்துல இறங்கறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டோம்னு நினைக்கிறேன். மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் காலையில ரத்தத்தைத் திரும்பப் பாத்துட்டுத்தான் முழுசாச் சொல்ல முடியும்."

"அது... வேலை செய்யுதா?" அவளால் பேர் சொல்லிக் கேட்க முடியவில்லை.

"செய்யுது. கொஞ்சம் திணறுது, ஆனா செய்யுது. இன்னிக்கே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க. ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன்."

போனாரியா மருத்துவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு விலகிப்போனாள். இன்னும் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. லுச்சியாவுக்கா, இந்த மீன்காரிக்கா, லாரி ஓட்டுகிற புருஷனுக்கா. படுக்கையைப் பார்த்தால் தட்டாமல் இருக்க முடியாத தன் கைக்கா. மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி பத்தாது, ஒரு கட்டே வேண்டும்.

"கோப்பை எனக்கு வேண்டாம்" என்றாள் பியேரா, காலணியை மாட்டிக்கொண்டே. "அவன்கிட்ட சொல்லு. அடுத்த வசந்தத்துல பதினாறாவது குழியிலேர்ந்து மறுபடி ஆடுவோம். ஒரு அடி அபராதம் மட்டும் இருக்கும். நீ எடுத்தது எடுத்ததுதான்."

மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்தபோது கவினோ தூங்கினான். மருந்துக்கு வேர்த்துக் கொட்டியதில் செவிலி ஒரு தடவை விரிப்பை மாற்றியிருந்தாள். மூலை சரியாக மடியவில்லை. போனாரியா எழுந்து அதைச் சரிசெய்யப் போனாள்.

"விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் செவிலி.

"இது ஒண்ணை மட்டும் நான் செஞ்சுக்கறேன்."

அண்ணனின் முதுகுக்கு அடியில் கையை விட்டாள். நல்ல பருத்தி. மொடமொடவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. காய்ந்திருந்தது.

கையை எடுக்க மனம் வரவில்லை. அப்போது பைக்குள், பந்தின் பக்கத்தில், கைபேசி அதிர்ந்தது.

"நான் லுச்சியா பேசறேன்மா. பெரியவர் எப்படி இருக்காரு?"

"தூங்கறான் தாயி. நல்லா இருக்கான். நீ நல்லா இருப்ப."

"மாதா காப்பாத்துனா. அம்மா, இங்க ஒரு குழப்பம். ராத்திரி விருந்துக்கு உங்க மேஜையில அஞ்சு நாற்காலி போடச் சொல்லியிருக்காரு பெரியவர். நீங்க மூணு பேர்தானே? இப்ப ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ஒரு வயசான அம்மா, கூட அவங்க பொண்ணு. பேர் கேட்டா சொல்லல. பெரியவர் கூப்பிட்டாருன்னு மட்டும் சொன்னாங்க."

"யாரு?"

"தெரியல. அந்த அம்மா உக்காரவும் மாட்டேங்குது. வந்ததுலேர்ந்து மேஜை விரிப்பைப் பாத்துக்கிட்டே நிக்குது. மூலையை ரெண்டு விரல்ல பிடிச்சு, ஒரு இழுப்பு, ஒரு உதறு. அப்படியே உங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அதான் மேலாளர்கிட்டகூடச் சொல்லாம உங்களைக் கூப்பிட்டேன்."

போனாரியாவின் விரல்கள் படுக்கையின் மூலையிலேயே நின்றுவிட்டன. சலவைக்கூடத்தில், நீராவிக்குள், பெரிய விரிப்பின் இந்த முனையில் அவள். அந்த முனையில் அந்த இழுப்பையும் உதறலையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஒரு ஆளாக அந்த விரிப்பை மடிக்கவே முடியாது.

கவினோ கண் திறந்திருந்தான். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"வந்துட்டாளா?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"லுச்சியா. போனை அந்த அம்மா கையில குடு."

செருப்புச் சத்தம் கேட்டது. கரண்டிகள் உரசும் சத்தம். யாரோ கைபேசியை வாங்கிக் காதில் வைத்தார்கள். மூச்சு மட்டும் வந்துபோனது.

"அக்கா" என்றாள் போனாரியா.